மருந்து கலக்காத மூலிகைத் தண்ணீர்

பட்டியல் தயாராக இருந்தது. வேல்விழிக்கு முதலில் உறுத்தியதே அதுதான்.

"இருபத்திமூணு பேரு மேடம். எல்லாத்துக்கும் வாந்தி, வயித்தால போவுது. எல்லாரும் எதுத்த மைதீன் கடையில தின்னவங்க. டைப் பண்ணியே வச்சிட்டேன்" என்றார் லாட்ஜ் மேனேஜர் சுடலைராஜ்.

ஐந்தருவிச் சாலையில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. மேலதிகாரி போனில் இரண்டு முறை கேட்டுவிட்டார். "கடைக்கு சீல் வச்சாச்சா?"

கடை வாசலில் சேக் மைதீன் வழிமறித்தார். "இந்த மூணு மாசச் சீசன்லதான் வருசம் பூரா எங்க வீட்டுல சோறு. சீல் வச்சிராதிய மேடம்."

வைப்பது எளிது. போன சீசனில், சுகாதார ஆய்வாளராக வந்த புதிதில், ஒரு ஜூஸ் கடைக்கு வைத்தாள். பூட்டிவிட்டுத் தண்ணீர் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த இரண்டு நாளில் இன்னும் பதினேழு பேர் நோயில் விழுந்தார்கள். ஒரு குழந்தை ஐ.சி.யு. வரை போய்த் திரும்பியது. விழுந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் அன்று கேட்டாள். விழாதவர்களைக் கேட்கவே இல்லை.

இன்று கேட்டாள். வேன் ஸ்டாண்டில் ஆறு டிரைவர்கள். மூன்று நாளாக மைதீன் கடைப் பஜ்ஜி, சுக்குக் காபி.

"எங்களுக்கென்ன மேடம், கல்லு கணக்கா இருக்கோம்" என்று சிரித்தான் ஒருவன்.

"தங்குறது எங்க?"

"வண்டியிலதான். கேன் தண்ணி, தலையணை எல்லாம் அங்கனதான். லாட்ஜுக்குள்ள எங்கள எவன் விடுதான்?"

லாட்ஜின் பின்பக்கம், தூத்துக்குடியிலிருந்து வேனில் வந்து தங்கியிருந்தவர்களின் சமையல் நடந்துகொண்டிருந்தது. கரண்டியோடு நின்றாள் உச்சிமாகாளி.

"உங்க ஆளுங்க நாலு பேரு லிஸ்ட்ல இருக்காங்க. மைதீன் கடையில என்ன தின்னாங்க?"

"கடையிலயா? எவன் சொன்னான்? அடுப்பு, சிலிண்டர், அரிசி எல்லாம் ஊர்லேருந்தே ஏத்திட்டு வந்தோம். நான் பொங்குதேன், அவிய திங்காவ. அந்தக் கடைப் பக்கம் ஒருத்தர் போகல."

"தண்ணி?"

"இங்கன குழாய்லதான். போர்டு பாக்கலியா?"

பார்த்தாள். 'அருவியிலிருந்து நேரடி மூலிகைத் தண்ணீர். மருந்து கலக்காதது.'

குழாய் நீரைப் பிடித்து இரண்டு சொட்டுத் திரவம் விட்டாள். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆனது, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். வாடை மூக்கைக் குத்தியது.

பின்னாலேயே வந்திருந்தார் சுடலைராஜ். "பாத்தியளா? தினமும் பிளீச்சிங் பவுடர் போடுதோம்."

"மருந்து கலக்காததுன்னு போர்டு சொல்லுதே அண்ணாச்சி?"

"அது சும்மா... விளம்பரம்."

"என்னது, தினமுமா?" உச்சிமாகாளி கரண்டியை நீட்டினாள். "நேத்துவரைக்கும் எளநி கணக்கா இருந்துச்சி. இன்னைக்கு விடிஞ்சதுலேருந்துதான் ஆஸ்பத்திரி வாடை!"

"நேத்துப் பிடிச்ச தண்ணி மிச்சம் இருக்கா?"

"ட்ரம்முல பாதி கெடக்கு."

சுடலைராஜ் பாய்ந்து ட்ரம்மைப் பிடித்தார். "பழைய தண்ணி மேடம், கொட்டிருவோம்."

"கைய எடுங்க!"

பரிசோதனைப் பாட்டிலில் நிரப்பி முத்திரையிட்டாள். நேராக லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் வால்வைத் திருக ஆரம்பித்தாள்.

"ரிசல்ட் வர ரெண்டு நாளாவுமே! அதுக்குள்ள எப்படி அடைப்பிய?"

"போன வருசம் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தோம்" என்றாள். வால்வு இறுகியது. "லாரித் தண்ணி வரும். அதுவரைக்கும் யாரும் ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது."

செய்தி கேட்டு மைதீன் ஓடிவந்தார். "அல்லாதான் உங்கள அனுப்பிருக்கான். ஒரு காபி குடிங்க மேடம்."

கடையைப் பார்த்தாள். பாய்லர் கொதித்தது. பக்கத்தில், வருகிறவர்கள் மொண்டு குடிக்க ஒரு குடிதண்ணீர்க் குடம்.

"பாய், குடத்துக்குத் தண்ணி எங்க பிடிக்கிய?"

மைதீன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அருவிப் பக்கம் பார்த்தார்.

"லாட்ஜ் குழாய்லதான்..."

"கடை நடக்கட்டும், காபி நல்லாக் கொதிக்கட்டும்" என்ற வேல்விழி, அந்தக் குடத்தைத் தானே தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.