மதிலுக்கு அப்புறம் பாடியவள்

கோவளம் கதையில் என்னுடைய பங்கு வாந்தி.

எங்கள் கூட்டம் அந்தக் கதையைச் சொல்லும்போது ஆளுக்கொரு பங்கு உண்டு. பஸ் ஏறியதிலிருந்து விழிஞ்ஞத்தில் இறங்கியது வரை ராஜதாஸ் அண்ணன் சொல்வார். கோட்டுகால் வளைவில் நான் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்ததை என் அண்ணன் அஜேஷ் சொல்வான். சொல்வதெங்கே, நடித்தே காட்டுவான். கடைசியில் வரும் மதில் பங்கு சுந்தரண்ணனுக்கு. ஒருவர் பங்கை இன்னொருவர் தொடக்கூடாது. பாறசாலை ஜங்ஷனில் ராஜதாஸ் அண்ணன் கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். அடுத்தவன் பங்கைச் சொல்வது பாட்டுக்கு மேலே பாட்டுப் பதிகிற மாதிரி, ரெண்டும் நாசமாகும் என்பார்.

எங்களைப் பிடித்திருந்த பைத்தியத்துக்கு சோல் என்று பெயர். அமெரிக்காவில் கறுப்பு மனிதர்கள் நெஞ்சைப் பிளந்து பாடுகிற பாட்டு. காரோடு கிராமத்திலும் பாறசாலையிலும் அதைக் கேட்க நாலு பேர் இருந்தோம் என்றால் அதற்குச் சுந்தரண்ணன்தான் காரணம். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். லீவுக்கு வருகிற மற்றவர்கள் சோப்பும் சென்டும் கொண்டுவருவார்கள், இவர் கேசட் கொண்டுவருவார். சின்ன வயதிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் பாடியவர்.

"நம்ம சர்ச் கன்வென்ஷன் பாட்டாக்கும் இது மக்கா, பாஷைதான் வேற" என்பார். "ஒருத்தன் கூப்பிடுவான், கூட்டம் பதில் சொல்லும். பதில் இல்லேன்னா பாட்டு இல்ல, கேட்டியா."

எனக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு சோலி உண்டு. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு வார்த்தைகளை எழுதி எடுப்பது. என் அப்பா ஓட்டுக் கம்பெனியில் ஓடு சுமக்கிற சுமட்டுக்காரர், அம்மா வயல் வேலை. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். இங்கிலீஷ் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லாத எனக்கு அந்த கேசட்டுகள்தான் டியூஷன். ஆனாலும் கூட்டத்தில் நான் அஜேஷுக்குத் தங்கச்சி, அவ்வளவுதான்.

தொண்ணூறில் குவைத்தில் சண்டை வந்தது. பல வாரம் சுந்தரண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ராஜதாஸ் அண்ணன் கடையில் கூடுவது நின்றுபோனது, ஆளுக்கொரு பக்கம் போனோம். பிறகு ஒருநாள் ஜோர்டான், பம்பாய் எல்லாம் சுற்றி, தாடியும் ஒற்றைப் பையுமாக வந்து இறங்கினார். பையைத் திறந்தால் முழுக்க கேசட். அவர் பெண்டாட்டி ரத்னபாய் அக்கா அந்தப் பையை முற்றத்தில் வீசி எறிந்தார் என்று ஊரில் சிரித்தார்கள். நானாக இருந்தால் கிணற்றில் எறிந்திருப்பேன்.

கூட்டம் மறுபடி கூடியதைக் கொண்டாட வேண்டாமா? கிறிஸ்துமஸ் வாரத்தில் கோவளத்து ஹோட்டல் ஒன்றில் அமெரிக்காக்காரி ஒருத்தி சோல் பாடப் போகிறாள் என்று ராஜதாஸ் அண்ணன் செய்தி கொண்டுவந்தார். உள்ளே போக எங்களுக்கு வக்கில்லை. மதிலுக்கு வெளியே பாறை இருக்கிறது, பாறைக்கு டிக்கெட் கிடையாது என்றார். நாலு பேரும் பஸ் ஏறினோம்.

சாயங்காலம் நாலு மணி வெயிலில் பாறையில் உட்கார்ந்தோம். மதிலுக்கு அப்புறம் ஆர்கன் தொடங்கியது, பிறகு அவள் குரல். ராஜதாஸ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அஜேஷ்கூட வாயை மூடிக்கொண்டு இருந்தான். மூன்றாவது பாட்டில் அவள் ஒரு வரியை நீட்டிக் கூப்பிட்டாள். சுந்தரண்ணன் பாறைமேல் ஏறி நின்று முழுத் தொண்டையில் பதில் பாடினார். அந்தப் பக்கம் சட்டென்று வாத்தியம் நின்றது. கூட்டத்துக்கு மூச்சும் நின்றது. பிறகு அவள் அதே வரியை மெதுவாகக் கூப்பிட்டாள். இவர் பதில் சொன்னார். மறுபடியும். அப்படி மூன்று தடவை.

ஆறரைக்குக் கடைசி பஸ். கச்சேரி முழுவதும் கேட்டோம் என்ற நிறைவோடு மூன்று ஆண்களும் வழிநெடுகப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

கச்சேரியே அப்போது தொடங்கியிருக்கவில்லை. அது எனக்கு மட்டும் தெரியும். வாந்தி எடுத்த வாய் கசந்துகொண்டே இருந்ததால், மூன்றாவது பாட்டு தொடங்கும்போது எழுந்து, வாய் கழுவ ஹோட்டல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பைப்புக்குப் போயிருந்தேன். கேட் பாதி திறந்து கிடந்தது. உள்ளே மேசைகளின் மேல் நாற்காலிகள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தன. ஒருவன் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். பாடியவள் தலையில் சுற்றிய துவர்த்துத் துண்டும் காலில் ரப்பர் செருப்புமாக நின்றாள். நாங்கள் கேட்டது ரிகர்சல்.

இன்னொன்றும் பார்த்தேன். சுந்தரண்ணன் குரல் மதிலைத் தாண்டி வந்தபோது அவள் கையைத் தூக்கி வாத்தியக்காரர்களை நிறுத்தினாள். காதில் கையை வைத்து மதில் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்போடு மதிலைப் பார்த்துத்தான் திரும்பப் பாடினாள்.

பஸ்ஸில் "நான் ஒண்ணு பாத்தேன்" என்று தொடங்கினேன். "நீ வாந்திய பாத்திருப்ப" என்றான் அஜேஷ். எல்லாரும் சிரித்தார்கள், சுந்தரண்ணனும்தான். எனக்குக் கோபம் வந்தது. சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவை கதை சொல்லும்போதும் யாராவது கேட்பார்களா என்று பார்ப்பேன். கேட்டால்தானே.

போன வருஷம், தொண்ணூற்றி எட்டில், சுந்தரண்ணனுக்குக் குரல் கம்மியது. மாதக்கணக்கில் கஷாயம் குடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனார். தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால் ஆள் பிழைப்பார், பேச்சு இருக்காது, தள்ளிப்போட்டால் பிறகு கை வைக்க முடியாது என்று திருவனந்தபுரத்தில் சொல்லிவிட்டார்கள். இவர் மாட்டேன் என்று வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் அப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது டுடோரியலில், இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தேன். ரத்னபாய் அக்கா அங்கே வந்து கேட்டருகில் நின்றார்.

"நீங்க வந்து பறஞ்சா கேக்கும் மோளே. எனக்க பேச்சு அந்த மனுஷனுக்குப் பேச்சே இல்ல. ரெண்டு பிள்ளையள் உண்டு எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நேரமாகப் பார்த்து ராஜதாஸ் அண்ணன், அஜேஷ், நான் மூன்று பேரும் காரோட்டில் சுந்தரண்ணன் வீட்டுக்குப் போனோம். அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் போனோம். அக்கா சாயா கொடுத்தார். ராஜதாஸ் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார்.

"எட்டு வருஷம் ஆச்சு, என்னடே?" என்றார். "அந்த பஸ்ஸ நினைவிருக்கா? கண்டக்டர் நம்மளப் பாத்து, கல்யாண பார்ட்டியான்னு கேட்டான்."

கதை தொடங்கிவிட்டது. அஜேஷ் ஜன்னலில் தலையை நீட்டிக் காட்டினான். சுந்தரண்ணன் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெட்கக்கேடு, நன்றாகத்தான் இருந்தது. சமையலறை வாசலில் ரத்னபாய் அக்கா நின்று எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதில் பங்கு வந்தது. உடைந்த குரலில் சுந்தரண்ணன் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை இருமல். மூன்று தடவை அவள் பதில் சொன்னதைச் சொல்லி முடித்தபோது வாயில் வைத்த துணியில் ரத்தம் இருந்தது.

"ஆபரேஷனுக்கு எப்பம் போறிய?" என்றேன்.

"எட்டி, கதை முடியட்டும்" என்றான் அஜேஷ்.

"முடிஞ்சாச்சு. எப்பம் போறிய அண்ணா?"

"போகல்ல பிள்ளே." சுந்தரண்ணன் அமைதியாகச் சொன்னார். "உனக்குப் படிப்பு உண்டு, ஜோலி உண்டு. எனக்கு என்ன உண்டு? குவைத்துல உள்ளதெல்லாம் போச்சு. இந்தத் தொண்டை ஒண்ணுதான் மிச்சம். அதுக்கு ஒரு நாள் பதில் வந்துது. கடல் கடந்து வந்தவ, ஆளத் தெரியாது, ஊரத் தெரியாது, பதில் சொன்னா. அந்தப் பதில் கிடைச்ச தொண்டையோட போறேன்."

"கேட்டியளா?" என்றார் ரத்னபாய் அக்கா. "நானும் பிள்ளையளும் இவருக்கு மிச்சமில்ல. தொண்டையாக்கும் மிச்சம்."

"ரத்னம், அவன நிர்ப்பந்திக்காத" என்றார் ராஜதாஸ் அண்ணன். "பாட்டுக்காரனுக்க வேதனை பாட்டுக்காரனுக்குத்தான் தெரியும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்கென்ன, சாயா குடித்துவிட்டுக் கடைக்குப் போவார். குழிக்குப் பக்கத்தில் நிற்பது இந்தப் பொம்பளையும் ரெண்டு பிள்ளைகளும்.

"பதில் வரல்ல" என்றேன்.

"என்ன?"

"அது கச்சேரியே இல்ல. ரிகர்சலாக்கும். நான் கேட் வழியா பாத்தேன். நாற்காலியெல்லாம் மேசைமேல கவுத்து வச்சிருந்துது. அவ தலையில துவர்த்து கட்டிட்டு நின்னா."

"சும்மா கிட அமிர்தா" என்றான் அஜேஷ்.

"ஏன்? வாந்தி எடுத்தவளுக்குக் கண்ணு கிடையாதா?"

ராஜதாஸ் அண்ணன் கேசட்டை நிறுத்தினார். சுந்தரண்ணன் என்னையே பார்த்தார். "அப்பம் மூணு தடவ என்னத்துக்குப் பாடினா?"

"மைக் சரியா கேக்குதான்னு. ஒயர்க்காரன் கை காட்டக் காட்டப் பாடினா."

"எனக்க சத்தம் வந்தப்பம் நீ கேட்டுலயா நின்ன?"

"ஆமா."

"அவ திரும்பிப் பாக்கல்லியா பிள்ளே?"

கையை உயர்த்தியவளை அந்த நேரத்தில் நான் கண்ணுக்கு முன்னால் பார்த்தேன். காதில் கை வைத்ததை, சிரித்ததை.

"இல்ல" என்றேன். "உங்க சத்தம் அவளுக்குக் கேக்கவே இல்ல."

நாற்காலி கவிழ்ந்து கிடந்ததும் துவர்த்தும் நிஜம், அதனால் மற்றதும் நிஜமாகிவிட்டது. சுந்தரண்ணன் சாயா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சு ரத்னம்" என்றார். பிறகு, "டாக்டரு என்னைக்கு வரச் சொன்னாரு?"

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் ராஜதாஸ் அண்ணன், "ரிகர்சலையா நாம இத்தன காலம் கொண்டாடினோம்?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "நீ பறஞ்சதெல்லாம் உள்ளதா?" என்று அஜேஷ் கேட்டான். உள்ளதுதான், எல்லாம் நிஜம் என்றேன்.

ஆபரேஷன் நல்லபடி நடந்தது. பிழைத்தார். மூன்று வாரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன அன்று ரத்னபாய் அக்கா வார்டு வாசலிலேயே என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்க பிள்ளையளுக்கு அப்பன் உண்டுன்னா அது உன்னாலயாக்கும். உனக்காக ஜெபிக்காத நாளில்ல மோளே."

கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. ஒரு ஆரஞ்சை உரித்து என் வாயில் ஊட்டாத குறையாகக் கொடுத்தார். நான் தின்றேன்.

சுந்தரண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கட்டு, நடுவில் ஒரு துளை, மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் பக்கத்து ஸ்டூலைக் காட்டினார். அக்கா வெந்நீர் வாங்க பிளாஸ்க்கோடு கீழே போனார். அவர் படி இறங்கும் வரை காத்திருந்தேன்.

"அண்ணா, நான் அன்னைக்குப் பறஞ்சது பொய்" என்றேன். "ரிகர்சல் உள்ளது. ஆனா அவ கேட்டா. வாத்தியத்த நிறுத்தச் சொல்லிட்டு உங்க பக்கம் திரும்பினா. சிரிச்சா. உங்களுக்குத்தான் பாடினா. நான் பாத்தேன்."

எவ்வளவு சௌகரியமான ஆள் நான். அவர் திட்ட முடியாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறேன்.

அவர் முகத்தில் என்ன வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபமென்றால் கோபம். முதலில் சந்தோஷம் மாதிரியும் இருந்தது. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். உதடுகள் அசைந்தன. சின்ன வார்த்தை இல்லை, நீளமாக எதையோ சொன்னார். கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது.

"என்ன அண்ணா?"

மறுபடி சொன்னார். எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது தடவை பாதியில் விட்டுவிட்டார். மார்பு ஏறி ஏறி இறங்கியது.

அக்கா பிளாஸ்க்கோடு வந்தார். "என்னவோ பறயுதாரே, என்னவாம்?"

சொல்லியிருக்கலாம். அக்கா எதிரிலேயே அந்த மனுஷனுக்கு உரியதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் இப்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்ன பொம்பளை.

"தண்ணி கேக்காருன்னு தோணுது அக்கா" என்றேன்.

"வாய் வழியா குடுக்கப்பிடாதுல்லா" என்று பஞ்சை வெந்நீரில் முக்கி, ஆற்றி, அவர் உதட்டில் ஒற்றினார். தாகமில்லாத உதட்டைச் சுந்தரண்ணன் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்தபடி.