டைரக்ட் கொடுத்த விண்கலம்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம். போன இடத்தில் சுவிட்ச் கெட்டுப்போயிருந்தால், புதுசு வாங்கி வரும்வரை பொறுக்கமாட்டார். இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டு, ஓடுது பாருங்க என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். தொழிலில் அப்படி இப்படிச் சமாளிக்கலாம். மச்சினன் விஷயத்திலும் அதையே செய்தாரே மனுஷன், அதை என்னவென்று சொல்வது!

அவர் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது, விண்கலம்தான் இருந்தது. பறக்காது. உள்ளே உட்கார்ந்தால் பறப்பதுபோலத் திரையில் காட்டும், அவ்வளவுதான். பழைய வேன் சீட் இரண்டு, வாசலுக்கு ஓட்டல்காரர் கழித்துப்போட்ட பெரிய ஃப்ரிட்ஜின் கதவு, சுற்றிலும் தகடு. உடம்பு மெக்கானிக் செய்தது. மூளை, அவர் மனைவியின் தம்பி செய்தது. கதவு சாத்தியிருக்கிறதா, சீட் பெல்ட் போட்டாச்சா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கிளம்பும்படி கம்ப்யூட்டருக்கு அவன்தான் புரோகிராம் எழுதியிருந்தான்.

அதை ஓட்டிப் பார்ப்பதற்குள் ஆபீசில் அவன் எழுதிய வேறொரு புரோகிராம் சொதப்பி, வேலை போய்விட்டது. தப்பு பல பேருடையது. தலை உருண்டது மட்டும் இவனுடையது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், செருப்புக்கடையில் பெட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அக்காக்காரி கெஞ்சிக் கூத்தாடியதில் ஒருவழியாக இறங்கிவந்தான்: அந்த விண்கலத்தை ஓட்டிப் பார்க்கலாம், ஓடினால் போகிறேன், ஓடாவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது.

ஓடாவிட்டால் என்ன செய்வது என்று மெக்கானிக்குக்குக் கவலை. மச்சினன் என்றால் அவருக்கு உயிர். அவன் வருவதற்குமுன் விண்கலத்தின் சுவிட்ச் பலகைக்குப் பின்னால் கையை விட்டு, கதவு சுவிட்ச், பெல்ட் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் டைரக்ட் கொடுத்துவைத்தார். இனி எதைக் கேட்டாலும் ‘சரி’ என்றே கம்ப்யூட்டருக்குப் பதில் போகும், தகராறே வராது. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

மச்சினன் வந்து சீட்டில் உட்கார்ந்தான். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து பவர் போட்டார். ஃபேன் முனகியது, திரை விழித்தது, விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. ‘புறப்படத் தயார்’ என்று வந்ததும் மெக்கானிக் கைதட்டினார்.

மச்சினன் தட்டவில்லை. அவன் வாசலையே பார்த்தான். அங்கே அக்கா ஃப்ரிட்ஜ் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கதவு திறந்திருக்கு, மாமா. சாத்தியிருக்குன்னு சொல்லுது. நான் பெல்ட்டும் போடலை.” பச்சை விளக்குகளைக் கைகாட்டினான். “ஆபீஸ்லயும் இப்படித்தான் எல்லாம் பச்சையா காட்டுச்சு. எனக்கு இது வராது. விட்டுடுங்க.”

எழுந்துவிட்டான். உண்மையைச் சொன்னால் இனி அவன் மெக்கானிக் மூஞ்சியில் முழிக்கமாட்டான். சொல்லாவிட்டால் காலமெல்லாம் செருப்புப்பெட்டிதான். பாவம், என்ன செய்வார்! அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“நான்தான்டா டைரக்ட் குடுத்தேன். நீ தோத்துடக்கூடாதுன்னு.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மச்சினன் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“அப்போ நான் எழுதினது ஓடாதுன்னு நீங்களும் நினைச்சிருக்கீங்க.”

நினைத்தது நிஜம்தானே. மெக்கானிக் பவரை நிறுத்திவிட்டு, குனிந்து முறுக்கிய வயர்களைப் பிரித்தார். சுவிட்சுகளை ஒழுங்காக மாட்டினார். மறுபடி பவர் போட்டார்.

திரை சிவந்தது. ‘கதவு திறந்திருக்கிறது. பெல்ட் போடவில்லை. புறப்பட முடியாது.’

மெக்கானிக்குக்கு முகம் செத்துப்போனது. புறப்படும் பொத்தானை அமுக்கினார். ம்ஹூம். திரும்பத் திரும்ப அமுக்கினார், ஓங்கி ஒரு குத்தும் விட்டார். அது அசைந்து கொடுக்கவில்லை.

“மாட்டேங்குதே, மாப்ளே” என்றார் பரிதாபமாக.

மச்சினன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“ஆமா மாமா. மாட்டேங்குது.”

பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, இன்டர்வியூ எத்தனை மணிக்கு என்று அக்காவிடம் கேட்டான்.