காற்றுப் படாத துரு

1
பழைய இரும்புக் கடையில் ஒரு பாட்டில் துருவின் விலை எட்டு ரூபாய், அதுவும் பாட்டிலுக்காக. ரூத்தைக் கேட்டால் அதற்கு விலைமதிப்பே கிடையாது என்பாள். அந்த வித்தியாசத்தில்தான் இந்தக் கதை முளைத்தது. ரூத் மதுரையில் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிறவள், என் கற்பனை. நான் இரும்பு வியாபாரிகள் வீட்டுப் பிள்ளை, அது நிஜம். துருவைக் கண்டால் எடையில் கழிக்கிற பரம்பரை. துருவை ஊட்டி வளர்க்கிறவளைப் பற்றி எழுத எனக்கென்ன யோக்கியதை?

2
பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன், ஆக்சிஜன் இல்லாத ஆதிக் கடலில், வெளிச்சத்தை உண்டு...
(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

3
கப்பலூர். தங்கப்பாண்டியின் ஹார்டுவேர் கடை. பாட்டிலை விளக்குக்கு நேராக நிறுத்த ஒரு கிளாம்ப் வேண்டும். அளவுக்குப் பாட்டிலையே கொண்டுவந்திருக்கிறாள் ரூத்.

"உள்ள என்னம்மா செவசெவன்னு?"

"துருண்ணே."

"மூடி லூசாகி காத்து உள்ள போயிருச்சாக்கும்."

"உள்ள ஆக்சிஜனே இல்லண்ணே. தண்ணியில கரைஞ்ச இரும்ப, கண்ணுக்குத் தெரியாத உசுருக வெளிச்சத்த வச்சே துருவாக்குதுக."

"யாருகிட்ட? இரும்புலயே பொறந்தவன் நானு."

[எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: சாக்கைப் பிரித்து மோந்து பார்க்காமல் விலை பேசமாட்டோம். பிள்ளை பிறந்த வீட்டிலும் துணியை விலக்கிப் பார்த்த பிறகுதான் வாழ்த்து.]

தங்கப்பாண்டி கட்டிங் பிளேயரை எடுத்து, அடைப்பானைச் சுற்றிய அலுமினியப் பட்டையில் வைக்கிறார்.

"அண்ணே! தொறந்துறாதீங்க! காத்துப் பட்டா மிச்ச இரும்பும் தானாத் துருப்புடிச்சிரும். எது அதுக செஞ்சது, எது காத்து செஞ்சதுன்னு பிரிக்கவே முடியாது. மழைக்காலம் முழுக்க வளத்ததுல இது ஒண்ணுதான் தேறுச்சு. திங்கக்கிழமை இதக் காட்டுனாத்தான் ஆராய்ச்சியத் தொடர விடுவாங்க."

"சும்மா மோந்து பாத்துட்டுத் தந்துருறேம்மா."

4
முடிவு அ: திறக்கிறார். ரூத் அழுகிறாள். கதை நன்றாக விலைபோகும்.

முடிவு ஆ: மனம் மாறி, கிளாம்பையும் சும்மாவே கொடுத்தனுப்புகிறார். என் சித்தப்பா படித்தால், "எந்த ஊருக் கடைடா இது?" என்பார்.

முடிவு இ: ரூத் பாய்ந்து பிளேயரைப் பிடுங்க...
(பாட்டில் உடையும். இந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

இப்போது ரூத் தங்கப்பாண்டியை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அவரு கையில பிளேயரக் குடுத்தது நீங்கதானே? உங்களுக்கு இன்னொரு கதை கெடைக்கும். எனக்கு?"

கேவலம் என்னவென்றால், உள்ளே என்ன வாசமோ என்று எனக்கும் மூக்கு அரிக்கிறது.

5
ஆகவே பிளேயர் இனி வாசிக்கிற உங்கள் கையில். கணக்கை மட்டும் நான் முடித்துத் தருகிறேன்.

வரவு: வெளிச்சம், இரும்பு.
செலவு: ரூத்தின் ஒரு மழைக்காலம்.
இருப்பு: ஒரு பாட்டில் துரு.
ஆக்சிஜன்: இந்த வரி வரைக்கும் இல்லை.