கியர் மாற்றும் கணத்தில் ஒரு பார்வை

வண்டி மறுபடியும் உதறியது. பின்னால் மரச் சட்டத்தில் சாய்ந்து நின்ற ஆளுயரக் கண்ணாடி 'கிர்ர்' என்று முனக, கண்ணாடிக் கடைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உடையவில்லை. தப்பித்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கணவன் பிக்கப்பை ஓரங்கட்டினான்.

"என்னால முடியாதும்மா. வேற டிரைவருக்குப் போன் போடு. இனிமே சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

"ஒரு குலுக்கலுக்கு ராஜினாமாவா?"

"ஒரு குலுக்கலா? இந்த வாரத்துல மட்டும் மூணு கண்ணாடி போச்சு. மெக்கானிக் கிளட்சைக் கழட்டிப் பாத்துட்டு வண்டி தங்கம்னு சொல்லிட்டான். அப்போ கோளாறு எங்க இருக்கு? இங்க!" இடது முழங்காலைத் தட்டினான். "எங்கப்பாவுக்கும் கால்லதான் ஆரம்பிச்சுது. அப்புறம் கட்டிலை விட்டு எந்திரிக்கவே இல்ல."

சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவள் குனிந்து அவன் கெண்டைக்காலை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ! ஏண்டி!"

"உணர்ச்சி நல்லாத்தான் இருக்கு. கிளப்புங்க."

"எதுக்கு?"

"நான் வேடிக்கை பாக்கணும். மேம்பாலம் வர்றதுக்குள்ள எனக்குக் காரணம் புரியலைன்னா, நானே வேற டிரைவரைக் கூப்பிடறேன்."

நடனப் பள்ளிக்குப் போகவேண்டிய கண்ணாடி அது. மேம்பாலத்தைத் தாண்டினால்தான் நடனப் பள்ளி. அந்த ஏற்றத்தில் இப்படி உதறினால் கண்ணாடி தூள்தான்.

வண்டி நகர்ந்தது. அவள் சாலைக்கு முதுகைக் காட்டாத குறையாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

முதல் கியர், சும்மா உருட்டிவிட மட்டும். உடனே இரண்டாவது. இதுவரை சரி. இரண்டாவதில் எஞ்சின் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை மூன்றாவதைத் தள்ளியது. அவ்வளவுதான், பாரத்தை இழுக்கத் தெம்பில்லாமல் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி வண்டி வெடவெடத்தது.

அவள் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. ஆனால் வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த காதுக்கு இது அந்நியமாகப் பட்டது. முன்பெல்லாம் இரண்டாவதில் அந்த முணுமுணுப்பு கெட்டியாகி, ஒரே சீரான உறுமலாகத் திரளும். அதற்கப்புறம்தான் மூன்றாவது விழும். இப்போது மனிதர் அவசரப்படுகிறார். ஏன்?

"எதை வெச்சு கியர் மாத்தறீங்க? எஞ்சின் எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டற மீட்டர்கூட இதுல இல்லையே?"

"நீ எதை வெச்சு மூச்சு விடற? அது பாட்டுக்கு வரும்."

அடுத்த சிக்னல். முதல், இரண்டு... அவன் கண் சட்டென்று மேலே போய்த் திரும்பியது. கை மூன்றாவதைத் தள்ளியது. வெடவெடப்பு.

அவள் நிமிர்ந்தாள். அடுத்த சிக்னலிலும் அதே திருட்டுப் பார்வை, அதே கை.

"யாரைப் பாக்கறீங்க?"

"எங்க பாத்தேன்?"

"மேல, ரியர்வியூ கண்ணாடியில. மாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாட்டியும் பாக்கறீங்க."

"பின்னாடி சரக்கு சாயுதான்னு பாப்பேன். பாரம் ஏத்தறவன் பாக்காம இருப்பானா? சந்தேகப்பட வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

அவள் கையை நீட்டி அந்தக் கண்ணாடியைத் தொட்டாள். பாறை மாதிரி நின்றது. இது ஆடுமே! வண்டி வாங்கின நாளிலிருந்து தலையாட்டி பொம்மை மாதிரி ஆடிக்கொண்டேதானே இருந்தது?

போனை எடுத்துக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவரை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, வண்டிக்குள்ள இருக்கற கண்ணாடியை யாராவது தொட்டீங்களா?"

"நான்தான் போன வாரம் நம்ம பசையை வெச்சு இறுக்கினேன்." குரலில் பெருமை வழிந்தது. "கண்ணாடிக் கடை வண்டியிலேயே கண்ணாடி ஆடினா நாலு பேர் நம்மளைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா?"

போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். தூரத்தில் மேம்பாலம் தெரிந்தது.

"எஞ்சின் முக்கும்போது அது ஆடும். எஞ்சினுக்குத் தெம்பு வந்ததும் ஆட்டம் நின்னு, பின்னாடி இருக்கற சரக்கு தெளிவாத் தெரியும். அப்போ மாத்துவீங்க. இப்போ அது எப்பவுமே தெளிவா இருக்கு. அதனால பாத்தவுடனே மாத்திடறீங்க."

"கதை விடாத."

"பொய்யான்னு பாத்துடலாம்."

கைப்பையில் இருந்த முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, ரியர்வியூ கண்ணாடியின் கீழ்விளிம்பில் டேப்பால் தொங்கவிட்டாள். அது படபடவென்று ஆடியது.

"இது நிக்கற வரைக்கும் மூணாவதுக்குப் போகாதீங்க."

இரண்டாவது கியர். சின்னக் கண்ணாடி நடுங்கியது, மங்கியது, மெல்ல அடங்கியது. அவன் கை நகர்ந்தது. மூன்றாவது விழுந்த சத்தமே கேட்கவில்லை; வண்டி வெண்ணெயில் வழுக்குவது போலப் போனது.

"அடிப்பாவி!" என்றான் அவன். பிறகு அதுவரை பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தான். தலையைச் சாய்த்து, முதல்முறை கேட்பவன் போல எஞ்சினைக் கேட்க ஆரம்பித்தான்.

மேம்பாலம் வந்தது. பின்னால் ஆளுயரக் கண்ணாடி, முன்னால் மூச்சு முட்டும் ஏற்றம். ஏறும் இடத்திலேயே பாலத்தின் இணைப்பில் சக்கரம் இடித்தது. டேப் விட்டுப்போய்ச் சின்னக் கண்ணாடி அவள் மடியில் விழுந்தது. அவள் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். அவன் கவனிக்கவே இல்லை. அவன் கண் சாலையில் இருந்தது.

எஞ்சின் குரல் ஒரு நூல் இறங்கியது. அது முக்க ஆரம்பிப்பதற்குள் அவன் இரண்டாவதுக்கு இறக்கினான். இடது கால் கிளட்சில் பதமாக எழுந்தது. ஆக்சிலேட்டரை நசுக்கவில்லை, அதன் போக்கில் இழுக்கவிட்டான். பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. உச்சியில் உறுமல் திரண்டது. காத்திருந்தான். இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். மூன்றாவது.

"காலுக்கு ஒண்ணுமில்ல," என்றான், யாருக்கோ சொல்வது போல. மறுபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "காலுக்கு ஒண்ணுமே இல்ல."

நடனப் பள்ளி வாசலில் கண்ணாடியை முழுசாக இறக்கினார்கள். வண்டிச் சாவிக்காக அவள் வேண்டுமென்றே கையை நீட்டினாள். அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

திரும்பி வரும்போது அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்:

"ஏம்மா, இதுக்கு முன்னாடி இருந்த வண்டியில உள்கண்ணாடியும் கிடையாது, ரேடியோவும் கிடையாதே. அதுல நான் எதைப் பாத்து மாத்தினேன்?"