பொத்தான் கேட்ட தூதர்

இரத்தினம்மா புருஷனுக்குப் பதில் எழுதுவதில்லை என்பது கண்டி மஹியாவையில் குழாயடிக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். தபால்காரர் நீட்டும் கடுதாசியை வாங்குவாள், நின்ற இடத்திலேயே படிப்பாள், மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

புருஷன் அழகமுத்து இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாநகர சபையில் வேலைபார்த்த அப்பாவின் புண்ணியத்தில் அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. புறப்பட்ட நாளில் கண்டி ஸ்டேஷனில், குடையைக் கையில் மாட்டிக்கொண்டு, "சரி, அப்ப போறேன்" என்றார். 'நீயும் வா' என்றிருந்தால் கட்டிய சேலையோடு ஏறியிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவளும் பிளாட்பாரத்தை விட்டு அசையவில்லை.

திருச்சிப் பக்கத்தில் தாயகம் திரும்பியவர்களுக்கான முகாமிலிருந்து வந்த பதினோரு கடிதங்களிலும் அந்த வார்த்தை இல்லை. அரிவாள்மனையை யாருக்கு இரவல் கொடுத்தோம், கொய்யா காய்த்ததா, என் குடை எங்கே. குடையை மட்டும் நாலு கடிதத்தில் கேட்டிருந்தார். ரயிலிலோ கப்பலிலோ தொலைத்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அவளுக்கு ஆத்திரம்.

"அவருக்கு நான் எதுக்கு? குடை போதும்," என்றாள், குழாயடியில் வாயைக் கிளறிய பக்கத்துவீட்டுச் சுந்தரியிடம்.

பன்னிரண்டாவது கடிதம் வரவில்லை. அதையும் தெரு எண்ணித்தான் வைத்திருந்தது.

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஹுஸைன் நானா நடத்திய டைப்பிங் கடையில் தமிழ் மெஷின் அவளுடைய பொறுப்பு. எழுபத்திரண்டாம் ஆண்டு மழையில் பேராதனைப் பல்கலைக்கழகத்து வீரசிங்கம் சேர் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தார். இருநூறு வருஷத்துக்கு முன் கண்டி ராசாவிடம் தூது வந்த ஒல்லாந்து டச்சுக்காரர் ஒருவர் ஊரிலிருந்த மனைவிக்கு எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள். சேர் தமிழாக்கியிருந்தார். பேட்டி கொடுக்காமல் ராசா அந்த மனுஷனைக் கன்னொருவை ஆற்றங்கரையில் மாதக்கணக்காகக் குந்தவைத்திருக்கிறார்.

அரண்மனை ரகசியம் ஏதாவது அகப்படும் என்று எட்டிப் பார்த்த நானாவுக்கு ஏமாற்றம். கால்சப்பாத்தில் பூஞ்சணம், காலில் அட்டை, பொத்தான் அனுப்பு, பாலாடைக்கட்டி அனுப்பு, மறுபடி பொத்தான் அனுப்பு.

"இவன் தூதனா, தையக்காரனா?"

"ஆம்பளைங்க எல்லாம் ஒரே அச்சு, மொதலாளி. 'எப்படி இருக்கே'ன்னு ஒரு வரி இருக்கா பாருங்க."

"மெய்தான். நான் மக்காவுக்குப் போய் ஊட்டுக்கு எழுதின மொதக் காயிதமே அலுமாரிச் சாவி எங்கன்னுதான். பொஞ்சாதி இன்னமும் ஏசுற."

மறுவாரம் வேலை எவ்வளவில் நிற்கிறது என்று பார்க்க வீரசிங்கம் வந்தபோது அவள் கேட்டாள்: "அந்தம்மா எழுதின பதிலெல்லாம் எங்க சேர்?"

"ஒண்டும் கிடைக்கேல்ல. எழுதினாவோ, கப்பலோட கடலுக்க தாண்டுதோ, ஆருக்குத் தெரியும்."

"எழுதியிருக்க மாட்டா."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் தாளை உருட்டி ஏற்றினாள்.

கடைசிக் கடிதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடித்தாள். 'பொத்தான்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, அன்னா. எதையாவது கேட்டால், அனுப்பினேன் என்றோ அனுப்பமாட்டேன் என்றோ நீ ஒரு வரி எழுத வேண்டிவருமே என்றுதான் கேட்டேன்.'

மெஷின் சத்தம் நின்றது.

"என்ன புள்ள, ரிப்பன் சிக்கிட்டா?" என்றார் நானா.

"குடைய அவரு தொலைக்கல மொதலாளி. கையிலதான் வச்சிருக்காரு."

நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் புதுத்தாளும் கார்பனும் வைத்து, அவர் பொய்க்கு ஒரு பொய்யாகவே அடித்தாள்: 'குடை அலுமாரிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. கொய்யா காய்த்துக் கொட்டுகிறது, வௌவால்தான் தின்கிறது. குடையை நானே எடுத்துக்கொண்டு வரட்டுமா?'

அன்று சாயங்காலம் அலுமாரி மேலிருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்தாள். சுந்தரி அதை ஜன்னல் வழியே பார்த்தாள். அரை மணியில் தெரு முழுக்கப் பார்த்த மாதிரி.

ஏழாவது வாரம் அந்தக் கடிதம் அப்படியே திரும்பி வந்தது. உறையின் முதுகில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள்: 'இந்த ஆள் முகாமை விட்டுப் போய் நாலு மாசம். போன இடம் தெரியாது.'

அன்றைக்குக் குழாயடியில் சுந்தரி இரத்தினம்மாவின் குடத்தையும் தானே நிரப்பித் தூக்கிவிட்டாள்.

மறுநாள் வீரசிங்கம் வந்து தாள்களைச் சரிபார்த்தார். "கடைசியில ஒண்டு கூடக் கிடக்கு. கார்பன் பிரதி. இலக்கமும் இல்லை." படித்தார். "குடையோ? இது என்ர கட்டில இல்லையே."

"பதில் இல்லன்னீங்களே சேர். அது பதில்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நானா கண்ணால் வேண்டாமென்றார். சேர் அதை நாற்பத்தொன்றுக்குக் கீழேயே வைத்து நூலால் கட்டினார். இரத்தினம்மா யாருடைய காணி மனுவையோ மெஷினில் ஏற்றினாள்.

சூட்கேஸை அவள் இன்னும் அலுமாரி மேல் ஏற்றவில்லை என்பதும் மஹியாவைக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் அங்கே யாரும் பேசுவதில்லை.