எட்டாவது அடியில் குலையும் தாளம்

தனியாக வாசித்தால் கனிஷாய் அக்காவின் தாளம் பிசகுவதே இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மற்ற மூன்று பெண்கள் வாசித்த பதிவோடு சேர்ந்து வாசித்தாலும் பிசகுவதில்லை. அதே மூவரும் அதே அறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும், எட்டாவது அடிக்குள் நால்வரும் நான்கு பக்கம் போய்விடுகிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து இதுதான் நடக்கிறது. இன்று வியாழன். காரணம் எனக்குப் பிடிபடவில்லை.

மலைநகரமான நரீனில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்ப்பவன் நான். அக்காவை அங்கேதான் தெரியும். தோலோன் கணவாயில் கார் உருண்டு, கழுத்து முள்ளெலும்பு நொறுங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார், கைகால்களுக்கு அசைவு திரும்பவில்லை. தலையும் வாயும் இரண்டு தோள்களும் மட்டுமே அவர் சொன்னபடி கேட்கும். அதற்குமுன் பன்னிரண்டு வருடம் நால்வர் குழுவில் தெமிர் கொமூஸ் வாசித்தவர். குழுவை முன்னால் உட்கார்ந்து நடத்தியவரும் அவர்தான்.

தெமிர் கொமூஸ், மோர்சிங் போலப் பல்லில் வைத்து வாசிக்கும் இரும்பு. நடுவில் மெல்லிய எஃகு நாக்கு. விரல் அதைச் சுண்டிவிடும், அவ்வளவுதான். ஸ்வரத்தைப் பிரித்தெடுப்பது வாய். எஃகு நாக்கின் ஒரே அதிர்வுக்குள் பல ஒலிகள் அடங்கியிருக்கின்றன. வாயின் உட்பகுதியை விரித்தும் சுருக்கியும் வேண்டிய ஒலியை மட்டும் ஓங்கச் செய்யலாம். ஆகவே வேலையில் முக்கால் பங்கு வாயினுடையது. அக்காவிடம் வாய் இருந்தது. விரல்தான் வேண்டியிருந்தது.

அந்த விரலை நாங்கள் இருவரும் எட்டு மாதம் தேடினோம். மூச்சால் இயக்கலாம் என்று பார்த்தால், மூச்சு இசைக்கே வேண்டியிருந்தது. தலையை அசைத்தால் இரும்பு பல்லிலிருந்து நழுவியது. கடைசியில் வலது தோளுக்கு வந்தோம். தோளில் ஒட்டிய சிறு உணரி, தோள் நெல்லளவு எழுந்தாலே கண்டுபிடித்துவிடும். உடனே பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய மின்காந்தம் ஒரு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் எஃகு நாக்கைச் சுண்டும். இரும்பைப் பல்லோடு பிடித்திருக்க சக்கர நாற்காலியில் ஒரு தாங்கி. எல்லாவற்றையும் மூட, குழுவின் மூத்தவரான பாத்மா அக்கா தன் கையால் ஒரு வெல்வெட் சப்பான் அங்கி தைத்துக் கொடுத்தார். ஜனங்கள் கனிஷாயைப் பார்க்கட்டும், கம்பியைப் பார்க்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

சனிக்கிழமை கச்சேரி. நாளை மத்தியானத்துக்குள் தாளம் சேராவிட்டால் குழுவில் இன்னொருத்தியான ஜீபெக் முன்னால் உட்காருவாள், கனிஷாய் அரங்கில் அமர்ந்து கேட்கலாம் என்று பாத்மா அக்கா சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை.

“கேக்கறதுக்கு நான் எதுக்கு வரணும்? வீட்டுல ரேடியோ இருக்கு,” என்றார் கனிஷாய் அக்கா.

ஒரு முறை அந்த முன்னிருக்கை கைமாறினால் திரும்பி வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கருவி தாமதிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தோளையும் நெம்புகோலையும் போனில் மிகமெதுவாக ஓடும் படமாக எடுத்து எண்ணிப் பார்த்தேன். தாமதம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏழு பங்கு. எட்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்குச் சத்தம் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே அது இல்லை. பெண்களின் போன்கள் குறுக்கிடுகின்றனவோ என்று எல்லாவற்றையும் அணைத்து வாசலில் வைத்தேன். பேட்டரி குளிர்ந்துவிட்டதோ என்று கணப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன். உணரியை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். அடுத்த ஒத்திகையும் எட்டாவது அடியில் குலைந்தது. என்னால் உட்கார முடியவில்லை; ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஊற்றிய தேநீர் மேல் ஆடை படர்ந்து கிடந்தது.

“நடந்து நடந்து தரையத் தேச்சுடாதே சாமத்,” என்றார் அக்கா. “நாலு நாளா என்னையும் இந்த டப்பாவையும் மட்டும் சோதிக்கறே. அவங்களச் சோதிச்சியா?”

ஜீபெக் சட்டென்று நிமிர்ந்தாள். “நாங்க என்னக்கா பண்ணினோம்? பன்னெண்டு வருஷமா வாசிக்கறோம்.”

“அதனாலதான் சொல்றேன். பதிவோட வாசிச்சா நான் உங்க பின்னாடி வரேன், சரியா இருக்கு. நேர்ல நீங்க என் பின்னாடி வரணும். அப்பத்தான் குலையுது.”

நான் நின்றேன். வித்தியாசம் அங்கேதான் இருந்தது. அதை நான் ஒரு முறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. கனிஷாய் அக்கா இல்லாமல், ஜீபெக் நடத்த, மூவரையும் வாசிக்கச் சொன்னேன். கச்சிதமாக இருந்தது. பிறகு நாற்காலிகளை ஆளுக்கொரு சுவரைப் பார்க்கத் திருப்பிப்போட்டு அதையே வாசிக்கச் சொன்னேன். கருவி இல்லை, கம்பி இல்லை, எல்லாருக்கும் சொந்த விரல். ஒன்பதாவது அடியில் குலைந்தது.

பாத்மா அக்கா இரும்பை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். “நாம கேட்டு வாசிக்கலையா, பாத்துத்தான் வாசிக்கறோமா?” என்று மெல்லக் கேட்டார்.

எங்கள் ஊரில் கொமூஸ் வாசிப்பவரின் கையைப் பார்க்காமல் யாரும் பாட்டைக் கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. சுண்டுவதற்குமுன் கை முதலில் விலகுகிறது. விலகிப் பிறகு வருகிறது. அந்த விலகலைப் பார்த்துத்தான் அடி எப்போது விழும் என்று மற்றவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். அக்காவின் அடிக்கு முன்னறிவிப்பே இல்லை. சத்தம் கேட்ட பிறகே அவர்கள் தொடங்கினார்கள்; தாமதித்தார்கள். தாமதத்தைக் கேட்டு அக்கா காத்திருந்தார். அடிக்கு அடி அது சேர்ந்து, எட்டில் தெரிந்தது. தோள் அசைவதாவது கண்ணில் படாதா என்றால், அதை வெல்வெட்டால் மூடியிருந்தோம். மூடாவிட்டாலும் பயனில்லை. தோள் எழத் தொடங்கியதுமே அடி விழும்படி நான்தான் பெருமையோடு அமைத்திருந்தேன்.

இதை அவர்களிடம் சொன்னேன். தோளையும் கம்பியையும் அங்கிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்றதும் பாத்மா அக்கா என்னிடமிருந்து முகத்தைத் திருப்பி, “எல்லாரும் அதையே பாப்பாங்க, கனிஷாய்,” என்றார்.

“பாக்கணும்க்கா. பாக்கத்தான். வெட்டு.”

பாத்மா அக்கா வெகுநேரம் கத்தரிக்கோலைக் கையில் வைத்திருந்தார். பிறகு வலது தோளின் தையலைத் தானே பிரித்தார், ஒவ்வொரு இழையாக.

மறுநாள் பதினொரு மணிக்குள் இரண்டு மாற்றங்களை முடித்தேன். தோள் எழும்போது கருவி இனி ஒன்றும் செய்யாது. எழுந்த தோள் இறங்கத் தொடங்கும்போதுதான் நாக்கைச் சுண்டும். தோள்மேல் ஒரு மெல்லிய கம்பியை, கீழ்நுனிக்குப் பக்கத்தில் அச்சு வைத்து நிறுத்தி, நுனியில் வெள்ளைக் கம்பளித் துண்டைச் சுற்றினேன். தோள் அரை அங்குலம் ஏறினால் நுனி ஒரு சாண் ஏறும். வேகமான இடங்களில் முதல் அடிக்கு மட்டும் இந்த அறிகுறி போதும். மீதி அந்த வேகத்திலேயே போய்விடும்.

பாத்மா அக்கா, முன்னால் போட்டிருந்த ஜீபெக்கின் நாற்காலியைப் பின்னால் இழுத்துப்போட்டார். நால்வரும் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக வாசித்தார்கள். தோள் ஏறும்போது வெள்ளை நுனி எழுகிறது, மூவரின் கைகளும் விலகுகின்றன. தோள் இறங்கும்போது நான்கு நாக்குகளும் சேர்ந்து ஒலிக்கின்றன.