இடுப்புப் பிடிப்புக்கு ஆறாவது தவணை

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். சிவஞானத்துக்கு அந்தக் கவலைகூட இல்லை. விடிந்ததும் தம்புள்ளை சந்தையில் கத்தரிக்காய் மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்ட மனிதர், ஒன்பதரைக்கு மாத்தளை நீதிமன்றத்தின் கணக்கில் வீட்டில் இடுப்புப் பிடித்து எழும்ப முடியாத நோயாளியாகிவிட்டார். டொக்டரிடம் வாங்கிய மெடிக்கல் சான்றிதழை லோயர் கையில் கொடுக்க வந்தவன் தம்பி உதயராஜ். இது ஆறாவது தடவை. அந்தக் கடதாசியைத் தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வழக்குப் போட்டது அவர்களுடைய சொந்த அத்தை பாலாமணி. யட்டவத்தையில் இருக்கும் மிளகுக் காணி அவளுடைய நகையை விற்று வாங்கியது. உறுதிப் பத்திரம் மட்டும் அப்பா பெயரில். பாதி தங்கச்சிக்கு என்று அப்பா சாகும்போது சொன்னதை மகன்கள் இருவரும் கேட்டார்கள். அண்ணனுக்கு அது மறந்துவிட்டது. உதயராஜுக்கு மறக்கவில்லை, ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. அவன் ஓட்டுவது அண்ணனின் லொறி. அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, இருதயத்தில் அடைப்பு. அவள் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் தொல்லை விட்டது என்று அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னபோது, எதிரே உட்கார்ந்து தின்றவன்தான் இவனும். என்ன பிழைப்பு இது!

நீதிபதி வழக்கை மூன்று மாதம் தள்ளிப்போட்டார். வெளியே வந்த அத்தை நேரே இவனிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான்.

"அண்ணனுக்கு அவ்வளவு முடியலையாப்பா?" என்றாள்.

வழக்கு வழக்காக இருக்கட்டும், சொந்தத்தில் ஒருத்தன் படுத்துக் கிடக்கும்போது பார்க்காமல் இருக்க முடியுமா என்று சொல்லி, செவ்விளநீர் இரண்டும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகும் கலேவெல பஸ்ஸில் ஏறிவிட்டாள். கூடவே ஏறிய உதயராஜ், பின் சீட்டிலிருந்து அண்ணனுக்கு ஃபோனில் கோல் எடுத்து விஷயத்தைச் சொன்னான்.

அவர்கள் போனபோது சிவஞானம் போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தார். வீடெல்லாம் தைல வாசம். கட்டிலுக்கு அடியில் சேறு காயாத சந்தைச் செருப்பு. அத்தை அவர் நெற்றியில் திருநீறு பூசி, வீங்கிய கையால் இடுப்பைத் தடவிவிட்டாள்.

"ஒனக்கு வந்தது எனக்கு வரட்டும் ராசா."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, அங்கேதான் வலிக்கிறது என்றார். உதயராஜுக்கு வெறுப்பாக வந்தது. அண்ணன்மேல் பாதி, தன்மேல் பாதி.

அத்தை மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். மாத்திரை எடுக்கப் பையைத் திறந்தபோது கிளினிக் கொப்பி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்த உதயராஜ், அதில் இன்றைய திகதியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டான்.

"இன்னைக்குத்தான் ஒப்பரேசனுக்கு வரச் சொன்னாங்க. கோர்ட் இருக்குன்னு தள்ளிப்போடச் சொல்லிட்டேன். இனி எப்ப கூப்பிடுவாங்களோ."

அண்ணனின் ஒரு கண் திறந்தது. அதில் தெரிந்த சந்தோஷத்தை உதயராஜ் பார்த்துவிட்டான். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அத்தை, நீங்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அப்பா சொன்னத நானும் கேட்டேன். கூண்டுல ஏறி நான் சொல்றேன்."

எழும்ப முடியாத மனிதர் ஒரே துள்ளலில் கட்டிலை விட்டுக் குதித்துத் தம்பியின் சட்டையைப் பிடித்தார்.

அத்தை அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு செவ்விளநீர் இரண்டையும் எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.